அக்னி மூலையில் பூதத்தின் அடுப்படி

ஜூன் 2, ஞாயிறு

இன்று முபாரக் தன் மச்சானைக் கூட்டிவந்தான். வந்த ஆள் மேஜையைப் பார்த்துவிட்டு, "நாப்பது வயசுல பொம்மை வச்சு வெளையாடுறீகளா?" என்று கேட்டான். முபாரக் எழுதுபொருள் கடைக்காரன், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவன், முறுக்கைக் கடித்தான். நான்தான் விளக்கினேன்.

இதன் பேர் பாதாளக் கோட்டை. பெட்டியில் வரும் பலகை விளையாட்டு. ஒருவர் பாதாளத்தார். பூதம், பிசாசு, பொறி எல்லாம் அவர் கையில். மற்றவர்கள் வீரர்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே இருப்பதோடு சண்டை போட்டு, பிழைத்தால் புதையல். வீரனும் பூதமும் விரல் உயரப் பொம்மைகள். பெட்டியில் வெறும் பிளாஸ்டிக்காக வரும், வண்ணம் நாம்தான் தீட்ட வேண்டும். சிம்மக்கல்லில் பல் கட்டும் லேப் வைத்திருப்பவனுக்கு அது கஷ்டமில்லை. செயற்கைப் பல்லுக்கு நிறம் ஏற்றும் அதே தூரிகையால் பூதத்துக்குக் கண் வைக்கிறேன். பாதாளத்தார் எப்போதும் நான்தான். பெட்டியும் என்னுடையது, வீடும் என்னுடையது.

மச்சான் பாதியில் எழுந்து போய்விட்டான். நல்லது.

என் மனைவி வளர்மதியின் வில்காரி இன்றும் செத்தாள். எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு, நான் வைத்தது. செத்த வீரனுக்கு அங்கேயே சிமென்ட் நிறச் சாம்பல் வண்ணம் பூசிவிடுவோம். அதன் பிறகு அது கல். எந்த அறையில் செத்ததோ அந்த அறையில் சிலையாக நிற்கும், ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குப் போகும். சாம்பல் பூசியது பூசியதுதான். அலமாரியில் நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை மதியுடையவை. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது, அதனால் என் பூதங்கள் முதலில் அவளைத்தான் அடிக்கும்.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "இதுகள எழுப்புறதுக்கு ஏதாச்சும் ஒரு வழி வச்சா என்னங்க?"

சித்திரைத் திருவிழா சமயத்திலும் இதையே கேட்டாள். அன்று சொன்னதையே இன்றும் சொன்னேன். செத்தா செத்ததுதான்.

ஜூன் 5

டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார், நிறம் சேரவில்லையாம். என் கண்ணில் குறை இல்லை. அவர் அறையில் லைட்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

மதி தன் ஆபீஸ் பையன் ஒருவனைக் கூட்டிவந்தாள். பையன் என்றால் இருபத்தெட்டு இருக்கும். பேர் ஆரோன். மதி ஒரு கட்டட இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிறாள். இவன் அந்த வீடுகளின் சின்ன மாதிரியை மெஷினில் அச்செடுத்து, கட்டப்போகிறவர்களிடம் காட்டுகிறவன். "வீட்டையே அச்சடிக்கிறேன், பூதத்த அச்சடிக்க மாட்டேனாண்ணே?" என்றான் வந்தவுடனே. நான் கேட்கவே இல்லை.

விளையாட உட்காராமல் அலமாரி முன்னால் போய் நின்றுகொண்டான். சாம்பல் சிலைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது யாருக்கா? இது யாருக்கா?" என்று கேட்டான். மதிக்கு வாயெல்லாம் பல்.

ஏதோ பேர் சொல்லி ஆரம்பித்தாள். "இவதான் மொத மொத செத்தவ. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா, உள்ள இருந்து நாக்கு வந்து இழுத்துட்டுப் போயிருச்சு. இவ தங்கச்சிதான் அந்தா, அக்காவத் தேடி வந்தவ. அவ பேரு…"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. நான் பலகையை விரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? பிரியாணி ஆறுகிறது என்று இரண்டு முறை சத்தம் போட்டேன். முபாரக்கும் அவன் பங்குக்குப் போய் நின்று கதை கேட்டான். பிரியாணிக்குக்கூட அவன் திரும்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விளையாட்டில் ஆரோனின் வீரனை இரண்டாவது கதவிலேயே முடித்துவிட்டேன். சிரித்தபடி சாம்பல் பூசிக்கொண்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 12

மதி மாடியில் நின்று போன் பேசுகிறாள். "இல்லடா, அது ரொம்பப் பெரிய பல்லு, கொஞ்சம் கொற" என்று காதில் விழுந்தது. வீட்டு பிளானில் பல் எங்கிருந்து வந்தது? கேட்டால் ஆபீஸ் விஷயம் என்கிறாள். வீட்டில் பல்லுக்கு ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆரோன் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தான். உள்ளே அவனே அச்செடுத்த பூதங்கள், அறைகள், அட்டைகள். "எக்ஸ்பான்ஷன்ணே. நம்ம பெட்டியோடயே சேத்து வெளையாடலாம்" என்றான். நம்ம பெட்டியாம்.

புதுப் பாதாளம் அவன் கொண்டுவந்தது என்பதால் பாதாளத்தாரும் அவனே. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சுவரோரம், மதிக்கும் முபாரக்குக்கும் நடுவில், அகப்பட்ட ஒரு மந்திரவாதிப் பொம்மையோடு.

குறை சொல்லத்தான் பார்த்தேன். ஒரு அறையில் பூதம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் பானை, பானைக்குள் ஒரு வீரனின் பூட்ஸ். எதிர் மூலையில் கிணறு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குக் கால்வட்டமாக ஒரு கோடு போட்டிருந்தது, அதனால் கதவுக்குப் பின்னால் யார் ஒளியலாம் என்று முன்கூட்டியே தெரிந்தது. வரைபடத்தின் ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி வேறு. பாதாளத்தில் வடக்கு எதற்கு?

கேட்க நினைத்தேன். அதற்குள் மதி கதவைத் திறந்துவிட்டாள். என் பாதாளத்தில் அவள் திறப்பதில்லை, எனக்குப் பயந்து முபாரக்கை முன்னால் அனுப்புவாள். இன்று தானே திறந்தாள், பூதத்தின் பானையைக் கவிழ்த்தாள், பிழைத்தாள். கை தட்டிச் சிரித்தாள். மேஜையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை, பேருந்தில். அவ்வளவுதான்.

முபாரக் என் முகத்தைப் பார்த்துவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

ஜூன் 18

முபாரக் கடையில் வைத்துச் சொல்கிறான்: "பொறாமடா ஒனக்கு." நான் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பொறாமைதான். வயிறு எரிகிறது. அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், அதற்காக விட்டுவிட முடியாது.

ஜூன் 20

மதி மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க அவள் ஆபீசுக்குப் போனேன். மழை வந்து மாதக்கணக்காகிறது. பரவாயில்லை, வெயிலுக்கும் குடைதான்.

இருவரும் ஒரே கம்ப்யூட்டரில் குனிந்திருந்தார்கள். மதி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அவன் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திரையை மாற்றிவிட்டான். ஒரு நொடியில். மதி குடையை வாங்கி, அதையும் என்னையும் பார்த்தாள். "இதுக்கா வந்தீங்க?" என்றாள்.

இதற்குத்தான் வந்தேன் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போகாமல் தெப்பக்குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

ஜூன் 23, ஞாயிறு

புதுப் பெட்டியின் இரண்டாம் பகுதி. அவன் நாற்காலி, அதாவது என் நாற்காலி.

இன்று ஒரு கல் கதவு. கதவின் முன்னால் காவலுக்கு, அலமாரியிலிருந்து மதியின் சாம்பல் சிலை ஒன்றை எடுத்து வைத்தான். முதலில் செத்த வில்காரி. பிறகு ஓர் அட்டையைப் படித்தான்: "கல்லாய் நிற்பவரின் பெயரை, அவருக்கு உரியவர் அல்லாத ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால், கல் எழும். கதவு திறக்கும்."

பக்கத்துக் கட்டத்தில் நின்றது என் மந்திரவாதி.

"சொல்லுங்கண்ணே."

சொல்லியிருப்பேன். அந்தப் பொம்மைக்கு வண்ணம் தீட்டியவனே நான். மேலாடைக்குக் கடுகு மஞ்சள், அதில் ஆரஞ்சு தொட்டும் தொடாமலும், மடிப்புகளில் கொஞ்சம் காவி. வில்லின் நாணுக்கு ஒற்றை மயிர்த் தூரிகை. அதையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேருண்ணே" என்றான்.

வில்காரி என்றேன். அது பேர் இல்லையாம்.

முபாரக் தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்குத் தெரியும் போலிருந்தது. மதி டீ போடப் போகிறேன் என்று எழுந்துபோனாள். வெகுநேரம் வரவில்லை. கதவு திறக்கவில்லை, ஆட்டம் அத்தோடு நின்றது. பொம்மை விளையாட்டில் பேர் கேட்டுப் பரீட்சை வைக்கிறவனை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? விதியே சரியில்லை.

ஜூன் 26

பிடித்துவிட்டேன்.

வரைபடத்தை ஆரோன் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். வடக்கு அம்புக்குறியை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பூதத்தின் அடுப்படி தென்கிழக்கில், அக்னி மூலையில். கிணறு வடகிழக்கில், ஈசானி மூலையில். பூத ராஜா படுக்கிற அறை தென்மேற்கு. வாசற்படி கிழக்கு பார்த்தது. வாஸ்து தப்பாத பாதாளம்! கூரை இடிந்து மண்டை ஓடு தொங்குகிற இடத்தில் பூஜையறைக்குக்கூட மூலை ஒதுக்கியிருக்கிறது.

இது மதி போடுகிற பிளான். இந்த வீட்டுக்கும் அவள்தான் போட்டாள், இதே மூலைகள், கதவுக்கு இதே கால்வட்டம். ஆபீசில் அவள் வரைந்ததைத் திருடி, மேலே பூதத்தை நிற்க வைத்துத் தன் சரக்கு என்று கொண்டுவந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன். மூன்று வாரத்தில் இன்றுதான் சாப்பாடு இறங்கியது.

ஜூன் 30, ஞாயிறு

கேட்டேன்.

"ஆரோன், பூதத்துக்கு எதுக்குப்பா அக்னி மூலைல அடுப்படி?"

அவன் விழித்தான். "அக்னி மூலைன்னாண்ணே?"

"தெரியாதுல்ல? எப்படித் தெரியும்? இது மதி ஆபீஸ்ல போட்ட பிளான். அடுத்தவங்க உழைப்ப எடுத்துட்டு வந்து எக்ஸ்பான்ஷன்னு…"

மதி டீத் தட்டை மேஜையில் வைத்தாள். டம்ளர் ஒன்று சாய்ந்து பூத ராஜாவின் படுக்கையறை நனைந்தது.

"அவன் எங்கங்க எடுத்தான்? நான்தான் போட்டேன். அறை, பூதம், அட்டை, அந்தப் பேரு விதி, எல்லாம் நான் போட்டது. அவன் அச்செடுத்துக் குடுத்தான், எனக்குப் பதிலா ஒக்காந்தான். அவ்வளவுதான்." பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ, வாஸ்துப்படியா போட்டுருக்கேன்? கை தன்னால போயிருச்சே!"

முபாரக்குக்குப் புரை ஏறிவிட்டது. ஆரோன் அவன் முதுகைத் தட்டினான். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னேன். திருவிழாவுக்கு ஒருவாட்டி, இந்த மாசப் பொறப்புல ஒருவாட்டி. செத்தா செத்ததுதான்னீங்க."

"நீதான் போட்டேன்னு அப்பறமாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"நான் போட்டதுன்னா நீங்க ஒக்காந்து வெளையாண்டிருப்பீங்களா?"

நனைந்த வரைபடத்தைத் துண்டால் ஒற்றினேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளே தொடர்ந்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம நானே அந்த நாற்காலில ஒக்காருறேன். அந்தக் கல் கதவ உங்ககிட்ட இன்னொருவாட்டி கேப்பேன். நான் ரெண்டு தடவ சொன்னேன், நீங்களும் ரெண்டு தடவ சொல்லலாம். தொறந்தா மேல போவோம். தொறக்கலைன்னா என் பெட்டிய ஆரோன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். ஞாயித்துக்கெழம நாங்க மூணு பேரும் அங்கிட்டு வெளையாண்டுக்குறோம். நீங்க இங்கயே இருங்க, உங்க சிலைங்களோட."

குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆரோன் மேல் இருந்த பொறாமை எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டது. பானைக்குள் பூட்ஸ் போட்டது அவள். இத்தனை வருஷமாகப் பாதாளம் நடத்துகிற எனக்கு அது தோன்றவில்லையே.

ஜூலை 2

முபாரக் கடைக்குப் போய்க் கேட்டேன். "ஒம் பொண்டாட்டி பொம்மை பேர எங்கிட்ட வந்து கேக்குறியே, வெக்கமா இல்ல?" என்றான். தெரியுமாம், சொல்ல மாட்டானாம். மதி அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டில் மதியிடமே கேட்டேன். "இப்ப சொன்னா கணக்குல வராது" என்றாள். பிறகு ரசம் ஊற்றினாள். விதியில் அவள் என்னைவிடக் கறார்.

ஜூலை 3

கொடி, வள்ளி, அல்லி, மின்னல், மயில். எதுவும் இல்லை. அவள் கூப்பிட்ட குரல் ஞாபகமிருக்கிறது, கூப்பிட்ட சொல் இல்லை. அந்தச் சமயத்தில் நான் பகடையை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூலை 5

மூன்று பல்லும், சேர்த்துக் கட்டிய ஒரு பல் பாலமும் மதியத்துக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு, சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த சிலையை வெளியே எடுத்தேன். லேப் வெளிச்சத்தில் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று எண்ணம். சாம்பல்தான் தெரிந்தது. நான் பூசிய சாம்பல், மேடு பள்ளமில்லாமல் நன்றாகவே பூசியிருந்தேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தோளில் ஒற்றினேன். பூசியது பூசியதுதான் என்று விதி வைத்தவனும் நான்தான். சாம்பல் பஞ்சில் வந்தது. உள்ளே மஞ்சள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மஞ்சளை நான் கலந்தது பெட்டியைப் பார்த்து இல்லை. மதி இங்கே, இந்த லேப்புக்கு வந்தாள். தலையில் இருந்த பூவில் ஒன்றைக் கிள்ளி, என் பல் நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, "இதே மஞ்சள் வரணும்" என்றாள். மூன்று தடவை கலந்தேன், மூன்று தடவையும் இல்லை என்றாள். எனக்குக் கோபம். ஒரு பொம்மைக்கு எதற்கு இத்தனை என்று கேட்டேன். "அவ பேரே அதுதானே" என்றாள். பூ வாடுவதற்குள் நான்காவது தடவை சரியாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறத்தை வைத்துக்கொண்டு பூவை விட்டிருக்கிறேன்.

பேர் வந்துவிட்டது. இங்கே எழுதப்போவதில்லை. அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அழுகை வந்தது, உதவியாளர் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 7, ஞாயிறு

மின்விசிறிக்குக் கீழே மதி. சுவரோரம் நாங்கள் மூவர். கல் கதவு.

"யாரு நிக்கிறா?" என்று கேட்டாள்.

பையிலிருந்து எடுத்து வைத்தேன். சாம்பல் முழுக்கப் போகவில்லை, காலடியிலும் கூந்தலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலாடை மட்டும் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது.

"செவ்வந்தி" என்றேன்.

மதி பொம்மையை எடுத்துப் பார்த்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விதிய மீறிச் சாம்பல எடுத்துருக்கீங்க" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கதவு தொறந்துச்சு" என்றாள். முபாரக் மேஜையைத் தட்டியதில் பகடை எல்லாம் கீழே உருண்டது.

பெட்டி எங்கேயும் போகாது. ஞாயிற்றுக்கிழமை இங்கேதான்.

கதவுக்குப் பின்னால் மூன்று பூதங்கள். முபாரக் பக்கத்தில்தான் நின்றான், ஆரோன் அதைவிடப் பக்கத்தில். பூதங்கள் இருவரையும் தாண்டி நேரே என்னிடம் வந்தன. மூன்றும். என்ன நியாயம் இது என்றேன்.

"புருஷனுக்குச் சலுகை காட்டுறாள்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்ல" என்றாள்.

மந்திரவாதி செத்தான். மதி சாம்பல் டப்பாவையும் தூரிகையையும் என் முன்னால் தள்ளினாள். பூசினேன். பூசி முடிக்கும்போது கேட்டாள்: "இவன் பேரு என்ன?"

பேர் வைக்கவில்லை. சுவரோரம் உட்கார வைத்த கோபத்தில், கையில் அகப்பட்ட பொம்மையை எடுத்தவன் நான்.

"பேரு இல்லாட்டி யாரும் எழுப்ப முடியாதேண்ணே" என்றான் ஆரோன்.

"அதெல்லாம் நான் வச்சுட்டேன்" என்றாள் மதி. குனிந்து முபாரக்கின் காதில் சொன்னாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு ஆரோன் காதில் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான், "சூப்பர்க்கா, அப்படியே பொருந்துது" என்றான்.

"எங்கிட்ட?" என்றேன்.

"உரியவருக்குச் சொல்லக் கூடாது. விதி."

பாத்திரம் இன்று நான் கழுவினேன். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், சிரிக்கிறாள். என் மந்திரவாதி அலமாரியில் சாம்பலாக நிற்கிறான். அவன் பேர் என்ன என்று ஆரோனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.